கைக்கு அடக்கமான கமராவும் கைநழுவிய கணமும்

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றிலே பரிசளிப்பு விழா நடைபெற்றது. என் தமக்கையாரின் மூத்த மகள் கணித பாடத்திலே முதற்பரிசு பெறவிருந்தாள். தமக்கையாரோ இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலே கிடந்தார். நான் புறப்படும்போது என்னை அருகழைத்து, "தம்பி, என்னாலை வரேலாது. பிள்ளை பரிசு வாங்கிற நேரம் ஒரு படம் எடுத்துக்கொண்டு வா. அது போதும்" என்றார்.

என்னிடம் ஒரு சிறிய டிஜிற்றல் கமரா இருந்தது. சட்டைப் பையிலே வைக்கலாம். ஆயினும் வீதியின் மறுகோடியிலுள்ள பெயர்ப்பலகையையும் அருகிற் காட்டும். ஆகவே கவலையின்றிச் சென்று, மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்தேன். பிள்ளையின் பெயர் அழைக்கப்பட்டதும் வில்லையை முழுவதும் நீட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன்.

வீட்டிற்கு வந்து பார்த்தபோது பன்னிரண்டும் கலங்கியிருந்தன. பிள்ளையின் முகத்தைக் காணோம். வெண்புகை போன்றதோர் உருவமே தெரிந்தது. தமக்கையார் அதனை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பின்னர், "பரவாயில்லைத் தம்பி, பிள்ளையின்ரை பின்னல் தெரியுது" என்றார். அவர் கடிந்து பேசியிருந்தாற்கூட எனக்கு அத்துணை வருத்தம் உண்டாகியிராது.

பிழை கமராவினுடையதன்று. அதன் தலைமீது ஒரு சக்கரம் உண்டு. வாங்கிய நாள்முதல் அச்சக்கரத்தை நான் ஒருமுறையேனும் திருப்பியதில்லை. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான் என் கதையும். அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றை, இத்தகைய கமரா வைத்திருக்கும் குடும்பத்தினருக்கும் மாணவர்களுக்கும் பயன்படுமென்ற எண்ணத்துடன் ஈண்டு எழுதுகின்றேன்.

நீளும் கண்

இவ்வகைக் கமராக்கள் பலவுண்டு. எடுத்துக்காட்டாக, யப்பான் நாட்டுக் கனொன் நிறுவனம் 2018ஆம் ஆண்டிலே வெளியிட்ட பவர்ஷொட் எஸ்.எக்ஸ். 740 எச்.எஸ். என்பதனை எடுத்துக்கொள்வோம். மின்கலத்தையும் சேர்த்து அதன் நிறை ஏறக்குறைய 300 கிராம். ஆயினும் அதன் காட்சி 24 மில்லிமீற்றரிலிருந்து 960 மில்லிமீற்றர் வரை நீளும். அதாவது 40 மடங்கு. இதனையே 40 மடங்கு ஸூம் என்கின்றனர்.

இத்துணைச் சிறிய பெட்டிக்குள் இவ்வளவு பெரிய ஆற்றல் அடங்கியது எவ்வாறு? விடை, படச்சுருளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒளியுணரியின் அளவிலே உள்ளது. பழைய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளிலே ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றர். இச்சிறு கமராவின் ஒளியுணரியோ ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர்தான், பரப்பிலே முப்பதில் ஒரு பங்கு. உணரி சிறிதாகவே வில்லையும் சிறிதானாற் போதும். 960 மில்லிமீற்றர் என்பது பழைய படச்சுருளின் கணக்கிற் கூறப்படும் அளவு. உண்மையில் அவ்வில்லையின் குவியத் தூரம் 4.3 மில்லிமீற்றரிலிருந்து 172 மில்லிமீற்றர் வரையே செல்லும்.

எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டன்றோ? இங்கே நாம் கொடுக்கும் விலை ஒளியாகும். வில்லை சுருங்கியிருக்கும்போது அதன் துவாரத்தின் எண் 3.3, முழுவதும் நீண்டதும் அது 6.9 ஆகிவிடுகிறது. துவாரத்தின் எண் கூடக்கூட உட்புகும் ஒளி குறையும். இக்கணக்கின்படி, முழு நீட்டத்திலே உணரியை வந்தடையும் ஒளி, தொடக்கத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. நண்பகல் வெயிலிலே இக்குறை தெரியாது. மாலை மங்கிய முற்றத்திலும் விளக்கொளி பரவிய மண்டபத்திலும் அதுவே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

யார் தீர்மானிப்பது?

படம் எடுப்பதற்கு மூன்று விடயங்கள் தீர்மானிக்கப்படல் வேண்டும். துவாரம் எவ்வளவு திறப்பது என்பது முதலாவது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பது இரண்டாவது. உணரி எவ்வளவு கூருணர்வுடன் இருப்பது என்பது மூன்றாவது, இதனை ஐ.எஸ்.ஓ. என்னும் எண்ணாற் குறிப்பர். சக்கரத்திலுள்ள எழுத்துகள் யாவும் ஒரே கேள்விக்குரிய வெவ்வேறு விடைகளே. இம்மூன்றையும் தீர்மானிப்பவர் யார்? கமராவா, நாமா?

'ஓட்டோ' என்ற இடத்திலே சக்கரம் நிற்கும்போது எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கும். 'பி.' என்ற எழுத்திலே துவாரத்தையும் நேரத்தையும் கமரா பார்த்துக்கொள்ளும், ஐ.எஸ்.ஓ., நிறம், ஒளிமிகுதி ஆகியவற்றை நாம் மாற்றலாம்.

'ரீ.வி.' என்ற எழுத்துகளைக் கண்டு தொலைக்காட்சியை நினைத்துவிட வேண்டாம். அது நேரத்தைக் குறிப்பது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நாம் கட்டளையிடுவோம். மற்றவற்றைக் கமரா பொருத்திக்கொள்ளும். வேறு சில நிறுவனத்தார் இதனை 'எஸ்.' என்று குறிப்பர். 'ஏ.வி.' என்பதிலே துவாரத்தை நாம் தெரிவு செய்வோம். சில கமராக்களில் இது 'ஏ.' மட்டுமே. 'எம்.' என்பதிலே துவாரம், நேரம் இரண்டும் நம் பொறுப்பு. 'எஸ்.சீ.என்.' என்ற இடத்திலே வாணவேடிக்கை போன்ற காட்சிகளுக்கென முன்னரே ஒழுங்கு செய்யப்பட்ட முறைகள் உள்ளன.

ஏ.வி. முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய கமராக்களிலே துவாரத்தை விரித்தாற் பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும். இச்சிறிய உணரியிலே அவ்வித்தை எளிதிற் பலிக்காது. பின்னணி மங்க வேண்டுமாயின் சற்றுப் பின்னே சென்று, வில்லையை நீட்டி, ஆளைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்துதல் வேண்டும்.

நடுக்கம் வேறு, அசைவு வேறு

என் பன்னிரண்டு படங்களும் கலங்கியது ஏன்? டிஜிற்றல் கமராவிலே ஒவ்வொரு படத்துடனும் அது எடுக்கப்பட்ட விவரமும் பதிவாகியிருக்கும். அதனைப் பார்த்தபோது, ஷட்டர் 1/30 செக்கன் திறந்திருந்தமை தெரிந்தது. மண்டபத்தின் ஒளி போதாமையால், கமரா அத்துணை நேரம் திறந்து வைத்திருந்தது.

கையிற் பிடித்து எடுப்போருக்குப் பழைய விதி ஒன்றுண்டு. வில்லையின் நீட்டம் எத்தனை மில்லிமீற்றரோ, செக்கனை அத்தனை பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரத்துள் படம் எடுத்துவிட வேண்டும் என்பதே அது. 960 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1/1000 செக்கன் தேவை. கமராவினுள்ளே நடுக்கந் தாங்கும் பொறி ஒன்று இருப்பது உண்மையே. அதன் உதவியால் எட்டு மடங்கு நேரம் கிடைத்ததென்று வைத்துக்கொண்டாலும், 1/125 செக்கனிலேயே நிற்க வேண்டும். நான் எடுத்ததோ 1/30.

இதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. நடுக்கந் தாங்கும் பொறி நம் கையின் நடுக்கத்தை மட்டுமே தாங்கும்; மேடையிலே நடந்து செல்லும் பிள்ளையின் அசைவை அது நிறுத்தாது. அவ்வசைவை நிறுத்த வல்லது குறுகிய நேரம் ஒன்றே. ஆதலின் விழாக்களிலே சக்கரத்தை ரீ.வி.யில் நிறுத்தி, 1/125 அல்லது 1/160 செக்கனை நாமே தெரிவு செய்தல் நன்று. ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டுவிடலாம். படத்திலே மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும், தோன்றட்டும். புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். கலங்கிய முகத்தைக் காண இயலாது.

அதைவிடச் சிறந்த வழி, முன்வரிசைக்குச் செல்வது. வில்லையைப் பாதியளவு நீட்டினாற் போதுமானால், துவாரமும் விரியும், நடுக்கமும் குறையும். ஸூம் என்பது நடக்க இயலாத இடத்திற்கு உரியதே. நடக்கச் சோம்புபவருக்கு உரியதன்று.

மறந்துபோகும் சிறு பொத்தான்கள்

முழு நீட்டத்திலே ஆளைத் தேடுவது, மூங்கிற் குழாய் வழியே ஊரைப் பார்ப்பது போன்றது. சற்றுக் கை அசைந்தாலும் ஆள் மறைந்துவிடுவார். இதற்கெனப் பல கமராக்களில் ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்திப் பிடித்தால் வில்லை சுருங்கி அகன்ற காட்சியைக் காட்டும். முன்னர் பார்த்த இடத்தை ஒரு சட்டத்தாற் குறித்துக் காட்டும். ஆளைச் சட்டத்துள் வைத்து விரலை எடுத்தால் வில்லை மீண்டும் நீளும்.

படப்பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தலாகாது. பாதி அழுத்தினால் கமரா குவியத்தைத் தேடிக்கொள்ளும். அதன்பின் மீதியை மெல்ல அழுத்துக. 'கூட்டல் கழித்தல்' குறியுள்ள இடம் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். இருண்ட மேடையிலே வெண்சீருடை அணிந்த பிள்ளை நிற்கும்போது, இருளைக் கண்டு கமரா ஒளியைக் கூட்டிவிடும். சீருடையும் முகமும் வெளிறிப்போகும். அப்போது ஒரு படி கழித்தல் வேண்டும். மின்னொளி சில மீற்றர் தூரமே எட்டும். கடைசி வரிசையிலிருந்து அதனைப் பாய்ச்சுவதாற் பயனில்லை.

மாணவர்களுக்கு இரு பயிற்சிகள்

முதற்பயிற்சி சந்திரன். ஓட்டோ முறையிலே சந்திரன் வெள்ளித்தட்டுப் போல வெறுமையாகத் தோன்றும். சுற்றியுள்ள கருவானம் கமராவை ஏமாற்றிவிடுகிறது. எனவே எம். முறைக்குத் திருப்பி, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் 6.9, நேரம் 1/250 செக்கன் என வைத்துப் பூரண சந்திரனை எடுத்துப் பாருங்கள். 960 மில்லிமீற்றரிலே சந்திரவட்டம் படத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். அரைச்சந்திரனுக்கு 1/60 செக்கன் வரை வேண்டும். ஆயினும் நிழலின் எல்லையிலே பள்ளங்கள் தெளிவாய்த் தெரிவது அப்போதுதான். கமராவை முக்காலியிலோ மதில்மீதோ வைத்து, இரண்டு செக்கன் கழித்து இயங்கும் வகையில் ஒழுங்கு செய்தால், விரல் பட்ட அதிர்ச்சியும் நீங்கும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் வில்லையைத் திருப்பாதீர்கள், உணரி கெட்டுப்போகும்.

இரண்டாம் பயிற்சி பறவைகள். 2010ஆம் ஆண்டிலே ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட மன்னார் வங்காலைப் பறவைகள் சரணாலயத்திற்கு மாரிக்காலத்திலே பூநாரைகள் கூட்டமாக வரும். அவை பறக்கும்போது எடுப்பதற்கு ரீ.வி. முறையிலே 1/1000 செக்கன் வேண்டும். அதிகாலையே ஏற்ற நேரம். வெயில் ஏறியதும் சூடான நிலத்தின் மேலுள்ள காற்று அலையாடும். தொலைவிலுள்ள பறவை நீருள் இருப்பது போல் நெளியும். அதனை எந்தக் கமராவாலும் திருத்தவியலாது.

இவ்வாண்டு விழா

இவ்வாண்டும் பரிசளிப்பு விழா வந்தது. இம்முறை இளைய பிள்ளைக்குச் சித்திரத்திலே பரிசு. தமக்கையார் கைத்தடியுடன் வீட்டினுள் நடக்கத் தொடங்கியிருந்தார். மண்டபத்திற்கு வர இன்னும் இயலவில்லை. நான் ஒரு மணி நேரம் முன்னரே சென்று மூன்றாம் வரிசையில் இடம்பிடித்தேன். சக்கரத்தை ரீ.வி.யிலே நிறுத்தி, 1/160 செக்கன் வைத்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். பெயர் அழைக்கப்பட முன்னரே, வேறு பிள்ளைகளை எடுத்து ஒளியைச் சரிபார்த்துக்கொண்டேன்.

படம் புள்ளி விழுந்ததுதான். ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏறியிருந்தது. ஆயினும் பிள்ளையின் சிரிப்பும், முன்வரிசையில் விழுந்த பல்லின் இடைவெளியும் தெளிவாக இருந்தன. தமக்கையார் அதனை அச்சிட்டுத் தரும்படி கேட்டு அல்பத்திலே ஒட்டினார். அதற்கு முந்திய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அது யாருக்குரிய இடமென நான் கேட்கவில்லை.

போன கணத்தை எந்தச் சக்கரத்தைத் திருப்பியும் மீட்க இயலாது. ஆகவே, நேயர்களே, அடுத்த விழாவிற்குக் காத்திராது இன்று மாலையே உங்கள் கமராவை எடுங்கள். விளக்கேற்றும் வேளையிலே வீட்டினுள் ஓடியாடும் குழந்தையை முதலில் ஓட்டோவிலும், பின்னர் ரீ.வி. முறையில் 1/30, 1/60, 1/125 செக்கன்களிலும் எடுத்து, நான்கு படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துப் பயிற்சி அது. வரவியலாத ஒருவருக்காக நீங்கள் படம் எடுக்க நேரும் நாளிலே, அதன் பயன் தெரியும்.