இரட்டை இயங்குதளக் கணினியில் தமிழ்க் கோப்புகளைப் பகிர்தல்: பெயர் ஒருமைச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் நிறுவப்பட்டிருக்கையில், இரண்டும் அணுகக்கூடிய பொது வட்டுப் பிரிவில் தமிழ்க் கோப்புகளை வைத்தாளும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. கோப்பைத் திறக்க இயல்வது மட்டுமே பகிர்வு ஆகாது. கோப்பின் பெயரை இரு தளங்களும் ஒரே பெயராகக் கொள்கின்றனவா என்பதே பாட ஒப்பீட்டில் ஈடுபடும் ஆய்வாளர் கருத வேண்டியது என்பது இதன் மையக்கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கோப்பு முறைமை, ஒருங்குறி, இயல்பாக்கம், பாடவேறுபாடு, வட்டுப் பிரிவு

முன்னுரை

ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பது தமிழ்நாட்டு மாணவர்க்குப் புதிதன்று. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. இன்றும் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய ஒரு தளமும், சொல்லடைவு உருவாக்கவும் பதிப்புகளை ஒப்பிடவும் மற்றொரு தளமும் எனப் பயன்படுத்துவோர் உளர். இவ்வாறு பயன்படுத்துவோர் ஒரே கோப்பின் இரு படிகளைத் தனித்தனியே வைத்துத் திருத்தத் தொடங்கினால் எது இறுதிப் படி என்பது விரைவில் மயங்கும். அதனைத் தவிர்க்கவே பொதுப் பிரிவு தேவைப்படுகிறது.

பொதுப் பிரிவும் கோப்பு முறைமையும்

வட்டின் ஒவ்வொரு பிரிவும் ஒரு கோப்பு முறைமையால் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். விண்டோசு 1993 முதல் என்டிஎஃப்எஸ் முறைமையைக் கொண்டுள்ளது. லினக்சு பெரும்பாலும் இஎக்ஸ்டி4 முறைமையில் நிறுவப்படுகிறது. விண்டோசு தன் இயல்பில் இஎக்ஸ்டி4 பிரிவைப் படிப்பதில்லை. லினக்சோ என்டிஎஃப்எஸ் பிரிவைப் படிக்கவும் எழுதவும் வல்லது. எனவே பொதுப் பிரிவு விண்டோசு அறிந்த முறைமையில் அமைவதே நடைமுறைக்கு ஏற்றது. பழைய ஃபேட்32 முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டு அளவை எட்ட இயலாது. ஓலைச்சுவடிகளின் உயர்தெளிவுப் படங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து வைப்போர்க்கு இது போதாது. எக்ஸ்ஃபேட் முறைமைக்கு அவ்வரையறை இல்லை. ஆயினும் மாற்றங்களை முன்னரே பதிந்துவைக்கும் குறிப்பேட்டு ஏற்பாடு அதில் இல்லாமையால், எழுதும் நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால் சேதம் மிகுதி. நிலையான வட்டில் என்டிஎஃப்எஸ் பிரிவே தக்கது.

இதில் ஒரு தடை உண்டு. விண்டோசு 8 முதல் வழங்கப்படும் விரைவுத் தொடக்க வசதி, கணினியை அணைக்கும்போது தளத்தை முழுமையாக மூடுவதில்லை. அதன் உள்நிலையை வட்டில் பதிந்து உறங்கவைக்கிறது. அந்நிலையில் லினக்சு அப்பிரிவில் எழுதினால், விண்டோசு நினைவில் கொண்டுள்ள நிலைக்கும் வட்டின் உண்மை நிலைக்கும் முரண் ஏற்பட்டுக் கோப்புகள் சிதையலாம். இதனால்தான் லினக்சு அத்தகைய பிரிவைப் படிக்க மட்டும் திறக்கிறது. இதனைப் பழுதெனக் கருதிக் கட்டாயப்படுத்தி எழுதுவது தவறு. விரைவுத் தொடக்கத்தை நீக்கிவிடுவதே தீர்வு. அணைப்பதற்கு மாறாக மறுதொடக்கம் செய்தாலும் விண்டோசு முழுமையாக மூடப்படும்.

ஒரு பெயர், இரு குறியாக்கம்

ஓலைச்சுவடிப் பதிப்பாசிரியர் எதிர்கொண்ட இடர் நன்கறிந்தது. புள்ளியின்மையால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கின. காலும் ரகரமும் ஒருவடிவாக நின்றன. ஆங்கு ஒரு வடிவத்துக்கு இரு வாசிப்புகள் இருந்தன. வட்டில் நிலைமை தலைகீழானது. வாசிப்பு ஒன்றே, திரையில் காணும் வடிவமும் ஒன்றே, அடியிலுள்ள குறியெண்கள் வேறு.

ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறி இரு வகையில் ஏற்கிறது. ஒகரக் குறியைத் தனிக் குறியெண்ணாக இடலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் அதே வடிவத்தைப் பெறலாம். ஓகாரக் குறிக்கு இரட்டைக் கொம்பும் காலும், ஔகாரக் குறிக்கு ஒற்றைக் கொம்பும் அதற்கெனவே வகுக்கப்பட்ட நீட்சிக் குறியும் இவ்வாறே அமையும். இவ்விணைகள் நிகரானவை என்பது ஒருங்குறியின் விதி. ஆனால் அவ்விதியைக் கோப்பு முறைமை பின்பற்ற வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

தொல்காப்பியம் என்னும் பெயரைக் காண்க. இலக்கண வழக்கில் இது 7 எழுத்து. தனி ஒகரக் குறியுடன் எழுதினால் 13 குறியெண்கள். யுடிஎஃப்-8 வடிவில் 39 பைட்டுகள். கொம்பையும் காலையும் பிரித்து எழுதினால் 14 குறியெண்கள், 42 பைட்டுகள். என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 ஆகிய இரண்டும் தமக்குத் தரப்பட்ட குறியெண்களை மாற்றாமல் அப்படியே பதிகின்றன. ஆதலின் ஒரே கோப்புறையில் ‘தொல்காப்பியம்’ என்னும் பெயரில் இரு கோப்புகள் இடர்ப்பாடின்றி அருகருகே இருக்க இயலும். பயனர் ஒன்றைத் திருத்துவார். அவர் எழுதிய ஒப்பீட்டு நிரல் மற்றொன்றைத் திறக்கும்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? கொம்பையும் காலையும் தனித்தனியே இடும் தட்டச்சு முறைகள் ஒரு வாயில். மற்றொரு வாயில் ஆப்பிள் கணினி. 1998இல் அறிமுகமான எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்தது. அங்கிருந்து படியெடுக்கப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் அவ்வடிவிலேயே பிற வட்டுகளை அடைகின்றன. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறைமை தரப்பட்ட வடிவைக் காப்பாற்றினும், நிகரான இரு பெயர்களை ஒன்றாகவே கருதுகிறது. இங்குதான் இழப்புக்கு இடமுண்டு. லினக்சில் இரண்டாக இருந்த கோப்புகளை அத்தகைய வட்டுக்குப் படியெடுக்கும்போது, பின்னது முன்னதன் இடத்தைப் பிடிக்கலாம். அவ்விரண்டும் ஒரு நூலின் இரு பதிப்புகளுக்குரிய பாடங்களாயின், ஒரு பாடம் ஓசையின்றி மறையும்.

நீளமும் விலக்கப்பட்ட குறிகளும்

என்டிஎஃப்எஸ் முறைமையில் பெயருக்கு 255 இடங்கள் உண்டு. தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு ஓர் இடம். இஎக்ஸ்டி4 முறைமையிலும் எல்லை 255தான். ஆனால் அது பைட்டுக் கணக்கு. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால் 85 குறியெண்களே அடங்கும். மேற்காட்டிய விகிதப்படி நோக்கின் ஏறத்தாழ 45 எழுத்துகள். ஆய்வேட்டு இயலின் முழுத்தலைப்பையே கோப்புப் பெயராக இடும் வழக்கமுடையோர் பொதுப் பிரிவிலிருந்து லினக்சின் சொந்தப் பிரிவுக்குப் படியெடுக்கும்போது இத்தடையைச் சந்திப்பர். தமிழுக்குப் பைட்டுக் கணக்கு மூன்று மடங்கு செலவு வைப்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

முக்காற்புள்ளியும் வினாக்குறியும் விண்டோசு விலக்கியவை. ‘குறள் 5:2’ என லினக்சில் பெயரிட்ட கோப்பு பொதுப் பிரிவில் தோன்றினும் விண்டோசில் முறையாகத் திறவாது. விண்டோசு ஏற்கும் பெயர்களை மட்டும் அனுமதிக்கும் தெரிவுடன் அப்பிரிவை லினக்சில் இணைத்தால் இது தொடக்கத்திலேயே தடுக்கப்படும்.

இயல்பாக்கமும் அதன் எல்லையும்

பிரிந்த பெயர்களை ஒன்றிய வடிவுக்கு மாற்றுவது இயல்பாக்கம் எனப்படும். லினக்சில் கன்வ்எம்வி என்னும் கருவி இதனைச் செய்கிறது. வெளிப்படையாக ஆணையிட்டாலன்றி மாற்றங்களைக் காட்டுவதோடு நின்றுவிடும் என்பது அதன் நற்பண்பு. அப்பட்டியலைப் பார்த்து, ஒரே பெயராக மாறவிருக்கும் இணைகளை முதலில் திறந்து ஒப்பிட்ட பின்னரே ஆணையிடல் வேண்டும். கோப்பின் உள்ளிருக்கும் பாடத்தையும் ஒப்பீட்டுக்கு முன் இயல்பாக்கிக்கொள்ளல் நன்று; இல்லையேல் நிரல் காட்டும் வேறுபாடுகளுள் எது பாடவேறுபாடு, எது தட்டச்சு வேறுபாடு எனப் பிரித்தறிய இயலாது.

இயல்பாக்கம் தீர்க்காதனவும் உள. ஔகார நீட்சிக் குறியின் இடத்தில் ளகரத்தைத் தட்டச்சு செய்யும் வழக்கம் பரவலானது. ஒருங்குறி அவற்றை நிகரெனக் கொள்வதில்லை, ளகரம் ளகரமே. ‘ஸ்ரீ’ என்னும் வடிவமும் அத்தகையது. 2005இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பு ஶகரத்தைச் சேர்க்கும்வரை இது ஸகரத்தைக் கொண்டே எழுதப்பட்டது. இப்போது ஶகரத்தாலும் எழுதப்படுகிறது. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. ஆகவே சமண நூலாகிய ஸ்ரீபுராணம் ஒரே கோப்புறையில் இரு கோப்புகளாக இருப்பின், எந்த இயல்பாக்கக் கருவியும் அவற்றை ஒரு பெயராகக் காணாது. எந்த எழுத்தைக் கொள்வது என்பதை ஆய்வாளரே முடிவுசெய்து, தொகுப்புக்கான குறிப்பில் எழுதிவைத்து, இரு தளங்களிலும் அதனையே தட்டச்சு செய்ய வேண்டியுள்ளது.