இருபது அடி உயரமும் ஒரு கயிறும்

நாயகன் எகிறிப் பறக்கும் காட்சியில், கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் சிலர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். யூனிட்டில் இதை ‘ரோப் ஷாட்’ என்பார்கள். உடுப்புக்குள் இடுப்பையும் தொடைகளையும் பற்றியிருக்கும் ஹார்னஸிலிருந்து எஃகுக் கயிறு மேலேறி, கிரேனில் தொங்கும் கப்பியைச் சுற்றி, இவர்கள் கைக்கு வருகிறது. மாஸ்டரின் ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும், சேர்ந்து தளர்த்த வேண்டும். பறக்கிறவரின் உயிர் அந்தக் கைகளில் இருக்கிறது.

20 அடியிலிருந்து தரைக்கு வர 1.1 நொடி போதும். அப்போது வேகம் மணிக்கு 39 கி.மீ. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதே கேள்வி. சிமென்ட் தரையில் ஐந்து சென்டிமீட்டருக்குள் உடல் நின்றுவிட்டால், அதன் எடையைப்போலச் சுமார் 120 மடங்கு விசை தாக்கும். காற்றுப்பை ஒன்றரை மீட்டர் அமுங்கி வாங்கிக்கொண்டால் ஐந்து மடங்குதான். அடுக்கிவைத்த வெறும் அட்டைப்பெட்டிகள் ஆளைக் காப்பாற்றுவதும் இதனால்தான்: அவை நசுங்கி நசுங்கித் தூரம் கொடுக்கின்றன.

கயிற்றுக்கும் இதே கணக்குதான். இரண்டு மீட்டர் தொய்வோடு விழுந்து, நீளாத எஃகுக் கயிற்றில் வெட்டி நின்றால், கயிறு அறாவிட்டாலும் முதுகெலும்பு முறியலாம். அதனால் உயரத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக் கயிற்றில், மடித்துத் தைத்த பட்டை ஒன்று இருக்கும். விழும்போது தையல் வரிசையாகப் பிரிந்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். உடல்மீது விழும் விசை 6 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 600 கிலோ பாரத்தை, மீறக்கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கயிற்றின் நீளம், தையல் பிரியும் நீளம், ஆளின் உயரம் எல்லாம் சேர்ந்தால், கட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய ஆறு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு அடிப் பரணில் விளக்கு மாட்டும் லைட்மேனுக்கு அந்தக் கயிற்றைக் கொடுத்தால், அது இழுத்துப் பிடிக்கும் முன்பே அவர் தரையில் கிடப்பார். அவருக்குத் தேவை, கார் சீட் பெல்ட்போல வெடுக்கென்று பூட்டிக்கொள்ளும் சுருள்கயிறு.

கேமராவில் தெரியக்கூடாது என்று மெல்லிய கம்பியில் ஆளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. 1991இல் வெளியான ‘டெர்மினேட்டர் 2’ போன்ற படங்களிலேயே கணினியில் கயிற்றை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். எவ்வளவு தடிமனான கயிறானாலும், கூடவே இரண்டாவது கயிறு போட்டாலும், பிறகு அழித்துக்கொள்ளலாம். மெல்லிய கயிற்றுக்கு இன்று எந்த நியாயமும் இல்லை.

ஆனாலும் 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே ஒரு படப்பிடிப்பில் கயிறு அறுந்து, சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் இன்னொருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். இரண்டிலும் உயரம் ஏறத்தாழ 20 அடி. எஃகுக் கயிறு சொல்லாமல் அறுவது அரிது. சிறிய கப்பியில் மீண்டும் மீண்டும் வளைந்து, இழைகள் ஒவ்வொன்றாக முறியும். தடித்த கையுறையோடு துணியால் உருவிப் பார்த்தால், முறிந்த இழை துணியில் சிக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் இதைச் செய்ய ஓர் ஆளையும், அவர் ‘வேண்டாம்’ என்றால் ஷாட்டை நிறுத்தும் அதிகாரத்தையும் தயாரிப்பு நிர்வாகம் கொடுத்தே தீர வேண்டும்.

ஹார்னஸ் பிடித்துக்கொண்ட பிறகும் வேலை முடியாது. அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அவரை இறக்க ஏணியோ லிஃப்டோ முன்கூட்டியே அதே தளத்தில் நிற்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஆளோடு.