தானியங்கிக் கியரின் எண்ணெயை மாற்றுவது எப்போது?

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பது பெரியோர் வாக்கு. வீட்டிற்குப் பொருந்தும் இம்மொழி, நாம் ஏறிச் செல்லும் காருக்கும் பொருந்தும்.

சென்ற விடுமுறையில் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையார், 90,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். "கியர் பெட்டி எண்ணெயை மாற்றிவிடுங்கள்" என்றார் மெக்கானிக். "இந்த எண்ணெய் ஆயுள் முழுமைக்கும் போதும்" என்றது காருடன் வந்த கையேடு. "பழைய எண்ணெயில் கை வைத்தால் கியர் பெட்டியே போய்விடும்" என்றார் அண்டை வீட்டுக்காரர். கியர் பெட்டி பழுதானால் சேமிப்பெல்லாம் கரைந்துவிடுமே என்று தோழியின் தாயார் கலங்கினார். எவர் கூற்று சரி? ஆராய்ந்து அறிந்ததை இங்கே தருகிறோம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ல், 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கென 'ஹைட்ராமாட்டிக்' என்னும் தானியங்கிக் கியரை வெளியிட்டது. அன்று முதல் இவ்வகைக் கியர் பெட்டிக்கு எண்ணெயே உயிர்நாடி. எஞ்சினின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் வழியே சக்கரங்களை நோக்கிச் செலுத்துவதும், அழுத்தத்தால் கியர்களை மாற்றுவதும், உராய்வைக் குறைப்பதும், சூட்டைத் தணிப்பதும் அதன் பணிகள்.

இந்த எண்ணெய்க்குப் பெரும்பகை சூடு. சூடு ஏற ஏற அது விரைவில் கெடும். கிளச் தட்டுகள் தேயும்போது உண்டாகும் நுண்துகள்களும் அதில் கலக்கின்றன. ஆகவே எந்த எண்ணெயும் என்றென்றைக்கும் புதிதாக இருக்க இயலாது. 'ஆயுள் முழுமைக்கும்' என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. எத்தனை ஆண்டுகளை ஆயுள் என்கிறார்கள் என்பதை அச்சொல் கூறுவதில்லை. பல கார் நிறுவனங்களுக்குக் கியர் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது.

அப்படியானால் முடிவு செய்வது எப்படி? முதலில் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கெனத் தனிக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர நெரிசலில் நின்று நின்று செல்வதும், மலைப்பாதை ஏறுவதும், பாரம் இழுப்பதும் கடினப் பயன்பாடே. அத்தகைய கார்களுக்குத் தவணை குறையும்.

அடுத்து எண்ணெயையே பார்க்கலாம். அளவுக்கோல் உள்ள கார்களில் அதை உருவி நிறத்தையும் மணத்தையும் அறியலாம். பல எண்ணெய்களுக்குச் சிவப்புச் சாயம் இடப்படுகிறது. ஆனால் எல்லாம் சிவப்பல்ல. சில எண்ணெய்கள் கெடாமலே கறுத்துவிடும். எனவே நிறத்தை மட்டும் நம்பலாகாது. தீய்ந்த நாற்றமும், கியர் மாறும்போது குலுக்கலும் வந்துவிட்டால் தாமதம் கூடாது. அளவுக்கோல் இல்லாத கார்களில் எண்ணெயைச் சரியான சூட்டில் வைத்துத்தான் அளக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர் வேலை.

அண்டை வீட்டாரின் அச்சத்திலும் ஓர் உண்மை உண்டு. கிளச் தட்டுகள் முன்பே தேய்ந்து வழுக்கும் பெட்டியைப் புது எண்ணெய் குணமாக்காது. மாற்றிய பின் அது நின்றுபோனால் பழி எண்ணெய் மீது விழும். உண்மைக் குற்றம் நெடுநாள் அசட்டையே. நன்றாக ஓடும் பெட்டிக்கு அந்த அச்சம் வேண்டாம்.

ஒன்றை மறத்தல் ஆகாது: கையேடு குறிப்பிடும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். சி.வி.டி. வகைக்கு வேறு எண்ணெய். ஏ.எம்.டி. எனப்படுவதோ சாதாரணக் கியர் பெட்டியைக் கருவிகள் இயக்கும் அமைப்பு. அதற்கு இந்த எண்ணெய் உதவாது.

தோழியின் இல்லத்துக் கார் வழுக்காமல் ஓடியது. பழைய உரிமையாளர் எண்ணெய் மாற்றியதற்குச் சான்று இல்லை. எனவே மாற்றிவிடுவதென்று தந்தையார் முடிவு செய்தார். சிவப்பாய் இருந்திருக்க வேண்டிய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் வடிந்ததை நாங்கள் அருகிலிருந்து பார்த்தோம். மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் தோழியின் தாயார் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அடுத்த முறை எவரையும் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. அந்த ஏடே விடை சொல்லும்.