ஆள் மாறுதா, ஒரே ஆளா?

அமாவாசைக் கூட்டம் முந்தின நாளே இறங்கிவிட்டது. காலை ஆறரை மணிக்கு மாதேஸ்வரன் மலையில் 'உகே உகே மாதப்பா' என்று மாதேஸ்வர சாமியைக் கூப்பிடும் பக்தர் குரல்கூட ஒன்றிரண்டுதான் கேட்டது. முதல் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். எதிர்ச் சரிவில், மேட்டைப் பார்த்து மூக்கை வைத்து நின்ற ஒரு பிக்கப் ஸ்டார்ட் ஆனது. அரை நிமிஷம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்க ஆரம்பித்தது. பானெட் ஆடியது, சைடு கண்ணாடியில் தெரிந்த கோபுரம் இரண்டு கோபுரமானது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துத்தான் அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தான்.

"ஆஃப் பண்ணிட்டு வாப்பா, டீ ஆறுது" என்றேன்.

கொளத்தூர்ப் பையன். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பாலாறு செக்போஸ்ட் வழியாக வந்தவன். 2008 மாடல் பொலேரோ பிக்கப், 2,523 சி.சி. டீசல் இன்ஜின். "பிளக் போயிருக்கும்னு ஃபோன்ல பாத்தேண்ணா. கீழ ஒருத்தர் பம்பையே கழட்டணும்கறாரு" என்றான்.

பிளக் பேச்சை முதலில் முடித்துவிடலாம். தீப்பொறி பிளக் பெட்ரோல் வண்டிக்கு. ஃபோனில் வருகிற யோசனைகளில் பாதி அமெரிக்காவின் பெட்ரோல் பிக்கப்புக்குச் சொன்னவை. நம் ஊரில் லோடு சுமக்கும் பழைய பிக்கப் அநேகமாக டீசல்தான். டீசலில் நெருப்பு வைக்க ஆள் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினெட்டு இருபது மடங்கு நெருக்குகிறது, நெருங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, அதில் நாசில் டீசலைப் புகைபோலத் தூவுகிறது, தானாகப் பற்றிக்கொள்கிறது. சில டீசலில் ஹீட்டர் பிளக் இருக்கும். அது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும். ஆகவே டீசல் வண்டி இப்படித் துடிப்பை விழுங்கி மிஸ்ஸிங் அடித்தால் கேட்க வேண்டியவை மூன்று: காற்று சரியாக நெருங்குகிறதா, டீசல் நேரத்துக்கு வருகிறதா, பூவாகத் தூவுகிறதா அல்லது மூத்திரம்போல ஒழுகுகிறதா?

"ஓடும்போது நல்லாத்தான் இருக்குண்ணா. நிறுத்தினாத்தான் ஆட்டம்."

ஓடும்போதும் நன்றாக இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். ஸ்லோ ஸ்பீடில் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது என்று வை. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். ஆளுக்கு 400, நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 1,600 வெடிப்பு. ஒருவன் படுத்துவிட்டால் விநாடிக்கு ஆறேழு பள்ளம். வேகத்தில் ஃப்ளைவீல் தன் கனத்தால் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். ஸ்லோவில் ஒவ்வொன்றிலும் விழுந்து எழுகிறது. இரண்டே சிலிண்டர் உள்ள பழைய டாடா ஏஸ் என்றால் ஒருவன் படுத்ததும் பாதி இன்ஜினே போச்சு.

இங்கே நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விழுகிற துடிப்பு தாளம் தப்பாமல் விழுகிறதா, கன்னாபின்னாவென்று விழுகிறதா? தாளத்தோடு விழுந்தால் எப்போதும் ஒரே சிலிண்டர்தான் படுக்கிறது. அந்த ஆளின் நாசில், வால்வு, கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று கெட்டிருக்கும். கன்னாபின்னாவென்றால் ஆள் மாறி மாறிப் படுக்கிறான். நாலு பேருக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு. பொதுவானது எது? டீசல் வருகிற வழி. டேங்கிலிருந்து ஃபில்டர் தாண்டிப் பம்ப் வரை. இதைக் காதால் பிரிக்காமல் பம்பில் கைவைப்பவரிடம் வண்டியை விடாதே. பம்ப் என்பது கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு.

அவன் வண்டியில் துடிப்பு கன்னாபின்னாவென்றுதான் விழுந்தது. இன்னொரு துப்பும் இருந்தது: முதல் அரை நிமிஷம் ஒழுங்கு. ராத்திரி முழுக்க வண்டி மூக்கைத் தூக்கி நின்றது. டேங்க் தாழ்ந்த பின்பக்கம், இன்ஜின் மேட்டில். குழாயில் எங்கோ ஊசிமுனை ஓட்டை இருந்தால், அதன் வழியே காற்று புக, டீசல் மெள்ளப் பின்னோக்கி டேங்குக்கே வடிந்துவிடும். காலையில் ஃபில்டரில் மிச்சமுள்ள டீசலில் அரை நிமிஷம் ஓடும். அப்புறம் காற்று வந்து சேரும். டீசலை நெருக்க முடியாது, காற்றை நெருக்கலாம். பம்ப் அழுத்துகிற அழுத்தத்தைக் குமிழி வாங்கிக்கொள்ள, நாசில் திறப்பதே இல்லை.

"ஆனா எங்கயும் ஒழுகலையேண்ணா. அடியில படுத்துப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல."

அதுதான் இந்த நோயின் சூது. பம்புக்கு முன்னால் இருக்கும் பகுதி உறிஞ்சுகிற பகுதி. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காய்ந்த குழாயைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று எல்லாரும் ஏமாறுவார்கள். நானும் ஒரு காலத்தில் ஏமாந்து, நல்ல பம்பைக் கழற்றி ஒரு குடும்பஸ்தனின் இரண்டு நாள் வாடகையைக் கெடுத்திருக்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு முழம் டியூப் இருக்கும். கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பாரே, அந்தக் கண்ணாடி டியூப். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்குள் நுழையும் ரப்பர் குழாயைக் கழற்றி, நடுவில் இதைச் செருகிக் கிளிப் போட்டோம். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். முதலில் டியூபில் மஞ்சள் டீசல் அசையாமல் தெரிந்தது. பிறகு கடுகளவு குமிழி ஒன்று. அதன் பின்னால் இரண்டு. அடுத்து மிளகளவில் ஒரு வரிசை, ஓட்டப்பந்தயம்போல. அந்த வரிசை உள்ளே போனதுதான் தாமதம், இன்ஜின் இருமியது. பையன் டீயை மறந்து வாயைப் பிளந்தான்.

குமிழி வந்த வழியே பின்னால் போனோம். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேரும் இடத்தில், கிளிப் கடித்த தடத்தில் ரப்பர் சருகாகிவிட்டது. வளைத்துப் பார்த்தால் தலைமுடிபோல் மூன்று விரிசல். முனையில் ஒரு அங்குலம் நறுக்கி, நல்ல ரப்பரில் புதுக் கிளிப் போட்டோம். பையன் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். முதலில் நுரை, அப்புறம் நுரையும் டீசலும், கடைசியில் சுத்த டீசல். ஸ்க்ரூவை இறுக்கினோம். ஃபில்டரின் அடிக் குமிழைத் திறந்து ஒரு கிளாஸில் பிடித்தபோது கீழே விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் பாதி காலியான டேங்கின் சுவரில் வியர்ப்பதும், கேனில் வாங்கி ஊற்றுவதில் கலப்பதும்தான் இதற்குக் காரணம். நாகமலைப் பாதையில் இண்டிகநத்தா கிராமத்துக்கு ஓடும் பழைய ஜீப்காரர்களுக்கு இந்த வடிப்பு பழக்கமான வேலை.

இப்போது ஸ்டார்ட் பண்ணினான். கோபுரம் ஒன்றானது. அவன் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆட்டம் போய்விட்டது. ஆனால் அடியில் மெல்லிசாக ஒரு நொண்டல், தாளம் தப்பாமல்.

இரண்டு நோய் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தால் பெரியது போனபிறகுதான் சின்னது தெரியும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை, நல்ல சமயம். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் கிளையிலும் ஒரு சொட்டு தெறித்தேன். ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது தோசைக்கல்போல 'சொய்ங்' என்றன. மூன்றாவதில் சொட்டு உட்கார்ந்து யோசித்தது. எரியாதவன் சூடாக மாட்டான்.

உறுதி செய்ய இன்னொரு வழி, ஸ்பானர். ஸ்லோவில் ஓடும்போது நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் இன்னும் தள்ளாடும். படுத்திருப்பவனைத் தளர்த்தினால் ஒன்றும் மாறாது. சுற்றிலும் துணி, கையும் கண்ணும் தள்ளி. இந்தப் பழைய நாசிலே சுமார் 200 பாரில் திறக்கும், தோலைத் துளைத்துவிடும். புது மாதிரியான காமன் ரயில் டீசல் வண்டியில் இதை நினைக்கவே கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பார் வரை போகும், டயர் காற்றைப்போலப் பல நூறு மடங்கு. நாடு முழுக்க பி.எஸ்.4 புகை விதி வந்த 2017-க்குப் பிந்தைய வண்டி என்றால் ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதுதான் மரியாதை.

மூன்றாவதைத் தளர்த்தினேன். மாறவே இல்லை.

"நாசிலா, உள்ள கம்ப்ரஷனாண்ணா?"

மூன்றாவது நாசிலை இரண்டாவதில் போடு, இரண்டாவதை மூன்றாவதில் போடு. நொண்டல் இரண்டாவதுக்கு இடம் மாறினால் நாசில்தான். மூன்றாவதிலேயே நின்றால் வால்வோ ரிங்கோ, செலவு பெரிது. அந்த வேலையைத் தேங்காய் லோடோடு மலைமேல் செய்ய வேண்டாம். கழற்றினால் அடியில் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும், என்னிடம் இல்லை. கீழே நாசில் கடையில் டெஸ்ட் ஸ்டாண்டில் வைத்து அடித்துக் காட்டுவார்கள், நீயே கண்ணால் பார். பழைய கடைகளில் இன்னும் 'மைக்கோ' என்றுதான் போர்டு இருக்கும். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம். 2008-ல் அது பாஷ் என்று பெயர் மாறியும் மெக்கானிக் வாயில் மாறவில்லை. 1997-ல் இந்த மலை மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன பிறகும் இன்னும் மைசூர் ஜில்லா என்று சொல்கிற பெரியவர்கள்போல.

புகையைப் பற்றியும் கேட்டான். வெள்ளைப் புகை கண்ணை எரித்தால் எரியாத டீசல், அவன் மூன்றாவது சிலிண்டர் விடுவது அதுதான். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசலுக்குப் போதுமான காற்று இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார். 3,000 அடி உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், அதனால் ஏற்றத்தில் கொஞ்சம் கறுப்பு கக்குவதை நோய் என்று எண்ணாதே. புலி மேலேறி வந்த மாதப்பாவுக்கு இந்தக் கவலை இல்லை.

டீக்கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கிளாஸில் பிடித்த தண்ணீர் டீசலைக் காட்டி, அந்தக் கிளாஸ் அவருடையது என்றார். பையன் மூன்று டீக்கும் ஒரு கிளாஸுக்கும் காசு கொடுத்தான். என் மட்ட டியூபைக் கழற்றித் துடைத்துத் தந்தவன், தயங்கி, "இது எங்கண்ணா கிடைக்கும்?" என்றான். மேட்டூரில் எந்த ஹார்டுவேர் கடையிலும், ஒரு முழம் போதும் என்றேன்.