மரக்காணத்து மண்ணில் கரி

மரக்காணம் என்றால் உப்பளம் என்பதே நம்மவர் நினைவு. ஆயின் இன்று நாம் எழுதப் புகுந்தது உப்பைப் பற்றியன்று. அளங்களுக்கு அப்பால், கழுவெளி ஏரியைச் சூழ்ந்து நெல்லும் மணிலாவும் சவுக்கும் விளையும் நிலங்களைப் பற்றியாகும். அம்மண்ணிலுள்ள ஒரு செல்வம் ஒருவர் கண்ணிலும் படாமல் வெளியேறி வருகிறது. அதன் பெயர் கரி.

பயிரானது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியினால் தண்டும் வேரும் வளர்க்கிறது. வேரும் சருகும் மக்கும்போது அக்கரியில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்குகிறது. பூமியெங்கும் மேல்மண் ஒரு மீட்டர் ஆழத்தில் இவ்விதம் தங்கியுள்ள கரி, ஆகாயத்திலுள்ள கரியைவிட அதிகமாகும். ஈரத்தைப் பிடித்து வைப்பதும், சத்தைப் பயிருக்குச் சிறிது சிறிதாக விடுவதும் இந்த மக்கேயாம். நிலத்தை உழுதால் காற்று உட்புகுகிறது. நுண்ணுயிர்கள் மக்கைத் தின்று கரியை மீண்டும் வாயுவாக்கிவிடுகின்றன. உஷ்ண தேசமாகிய நமது நாட்டில் இது வெகு துரிதமாக நடக்கிறது. கடலோர மணலிலோ மக்கைப் பற்றிக்கொள்ளக் களி போதாது. உவர் ஏறிய இடத்தில் பயிரே மெலிவதால் மண்ணுக்குத் திரும்பும் வேரும் சொற்பம்.

திருப்பித் தந்தால் மண் அதை வைத்துக்கொள்ளுமா எனின், வைத்துக்கொள்ளும். கோயமுத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனையில், தொழு உரம் இட்ட பாத்திகளில் ரசாயன உரம் மட்டும் இட்டவற்றைவிடக் கரி மிகுந்திருக்கிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட்டில் 1852 முதல் 1871 வரை எருவிட்டு நிறுத்திய பாத்தியில், நூறு வருஷங்களுக்குப் பின்னும் அதன் மிச்சம் காணப்பட்டது.

சாணத்தை வரட்டி தட்டி எரிப்பது குடியானவனின் அறியாமை என்று சொல்வோர் முன்னும் இருந்தனர். விறகுப் பஞ்சமே அதற்குக் காரணமென்று 1893-ல் வெளியான அறிக்கையில் டாக்டர் வோல்க்கர் எடுத்துக் காட்டினார். இன்று அடுப்புக்குக் காஸ் வந்துவிட்டது. ஏருக்கு டிராக்டர் வந்து மாடு போய்விட்டது. ஆட்டுக் கிடை போடுவோரும் அருகிவிட்டனர். வரட்டி குறைந்தும் எரு கூடவில்லை!

கழுவெளியின் விளிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் நின்ற சேற்றில் காற்றுப் புகாததால், நெடுங்காலமாகச் சேர்ந்த கரி அங்கே அடங்கியிருக்கிறது. அதை வடித்து உழுதாலும் இறால் குட்டை வெட்டினாலும் சில வருஷங்களில் அது கலைந்துபோகும். 2021 டிசம்பரில் அவ்வேரி பறவைச் சரணாலயமாயிற்று; 2024 ஆகஸ்டில் ராம்சார் ஜாபிதாவிலும் சேர்ந்தது. பறவைகளை முன்னிட்டேனும் அச்சேறு காப்பாற்றப்படுமாயின் நமக்குச் சந்தோஷமே.

விளைநிலத்தின் கதி வேறு. வருஷக் குத்தகைக்கு உழுகிறவன், அடுத்த வருஷம் வேறொருவன் அறுவடை செய்யப்போகும் மண்ணில் எருவைப் புதைப்பானா? குத்தகை உறுதியில்லாத இடத்தில் உபதேசம் செல்லாது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ல் தொடங்கிய மண்வளத் திட்டத்தில் பசுந்தாள் உர விதையும் அடங்கியுள்ளது. உவரைத் தாங்கும் தக்கைப்பூண்டு இக்கடற்கரைக்கு ஏற்றதே. தழை எருவைப்போல் நெடுநாள் நில்லாதாயினும், எருவில்லாதவனுக்கு அதுவே கைப்பொருள். பட்டா எவர் பெயரில் இருப்பினும் விதை உழுகிறவன் கையில் சேரவேண்டும். விதைத்து ஏறக்குறைய 45 நாளில், பூக்கும் தறுவாயில், அதை மடக்கி உழவேண்டுமாதலால் சம்பா நடவுக்கு வெகு முன்னதாகவே விதை வந்தாகவேண்டும். ஐப்பசியில் வரும் மூட்டையை வைத்துக்கொண்டு மரக்காணத்துக் குடியானவன் என்ன செய்வான்?