படகுக்குள் தண்ணீர் எப்போது வருகிறது?

படகின் அடியில் தண்ணீர் நிற்கிறது, எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. தேங்கிய இடத்திலேயே குனிந்து ஓட்டையைத் தேடுவதுதான் பலரின் வழக்கம். அங்கே பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. அணியத்தில் கசிகிற நீர் பலகை இடுக்குகள் வழியாக ஓடி, படகின் தாழ்வான பகுதிக்கு வந்துதான் நிற்கும். ஃபைபர் படகென்றால் உள்தட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் கண்ணுக்குப் படாமலே ஓடும். அதனால் 'எங்கே' என்பதைப் பிறகு பார்க்கலாம். 'எப்போது' என்று முதலில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், வந்தது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். அடியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, புதிதாக ஊறும் நீரில் சில சொட்டுகளைச் சுத்தமான தட்டில் விட்டு வெயிலில் உலர்த்துங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெள்ளைப் படிவம் தெளிவாகத் தெரியும். படிவம் இல்லையென்றால் மழைநீர், குடிநீர்த் தொட்டி, மீன் அறையில் உருகும் ஐஸ் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த நீரில் டீசலும், எஞ்சினைக் குளிர்விக்கும் நச்சுத் திரவமும் கலந்திருக்கக்கூடும்.

உப்புநீர்தான் என்றால், கரையில் கட்டிக்கிடக்கும்போதே ஏறுகிறதா, எஞ்சின் ஓடினால் மட்டுமா என்று பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து வந்தால் கடல்நீரை இழுக்கும் பம்ப், அதன் ஹோஸ், கிளிப்புகள், புகைபோக்கும் குழாயின் வளைவு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாப்ட் வெளியே போகும் இடத்தில் உள்ள கிளாண்டைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பேக்கிங் கயிறு வைத்த பழைய வகையில், ஷாப்ட் சுழலும்போது மெல்லச் சொட்டுவது பழுதல்ல. கயிற்றைக் குளிர்விப்பதே அந்தச் சொட்டுதான். அதை அடியோடு நிறுத்த நட்டை இறுக்கினால் கயிறு கருகும், ஷாப்ட் தேயும். எஞ்சினை அணைத்த பிறகும் விடாமல் சொட்டினால்தான் கவனிக்க வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டுகூட ஒரு நாளில் ஏறக்குறைய 4 லிட்டராகிவிடும்.

சரக்கு ஏற்றினால் மட்டும், அல்லது ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டும் தண்ணீர் வருகிறதா? அப்படியானால், தண்ணீரை வெளியேற்ற வைத்த பில்ஜ் பம்பையே சந்தேகியுங்கள். இதுதான் ஆட்களை அதிகம் குழப்புகிற கசிவு என்பேன். காலிப் படகில் பம்பின் வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். பாரம் ஏறியதும் அது முங்கிவிடும். பம்ப் இறைத்து நின்ற கணத்தில் குழாய் முழுக்க நீர் நிறைந்திருப்பதால், கடல் அதே வழியாகத் திரும்பி உள்ளே இழுபடும். பம்ப் மறுபடி ஓடும், நின்றதும் மறுபடி நிறையும். கூட்டில் எத்தனை தேடினாலும் ஓட்டை கிடைக்காது, ஏனென்றால் ஓட்டையே இல்லை. குழாயை நீர்மட்டத்துக்கு வெகு மேலே ஒரு வளைவாகக் கொண்டுபோய், அந்த வளைவின் உச்சியில் காற்று புகும் வால்வு வைத்தால் தீர்ந்தது.

நேரம் பிடிபட்ட பின் இடத்தைத் தேடுவது எளிது. உலர்ந்த அடியில் செய்தித்தாளைப் பரப்பினால் முதலில் நனையும் தாள் திசையைக் காட்டும். களிமண்ணால் குறுக்கே சிறு வரப்புகள் கட்டினால் நீர் எந்தப் பாத்தியில் சேருகிறது என்று தெரியும். குடிநீர்த் தொட்டியில் சந்தேகமென்றால் அதில் உணவுச் சாயம் கலந்து விடுங்கள்.

மரப்படகுக்குக் கணக்கு வேறு. தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிப் பழுதுபார்க்கும் படகுகளின் பலகைகள் வெயிலில் காய்ந்து சுருங்கும். கடலில் இறக்கியதும் மூட்டுகளில் நீர் வரும். பலகை ஊறி உப்பியதும் அது தானே குறையும். சில நாள் கழித்தும் குறையாத இடத்துக்குத்தான் கலப்பத்து, அதாவது இடுக்கை அடைக்கும் வேலை தேவை.

அடைப்பதை முடிந்தவரை வெளிப்புறத்திலிருந்து செய்யுங்கள். உள்ளே பூசினால் நீரின் அழுத்தம் பூச்சைப் பிதுக்கித் தள்ளும், மரத்துக்குள் சிக்கிய ஈரம் அதை உளுக்கச் செய்யும். கூட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு குழாய் வாயருகிலும் அந்த அளவுக்கேற்ற கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 1 செ.மீ. துளை விழுந்தாலே மணிக்குச் சுமார் 400 லிட்டர் உள்ளே வரும். அந்த நேரத்தில் கட்டையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.