தி பீனட்ஸ்

தி பீனட்ஸ் என்பது எமி இட்டோ, யூமி இட்டோ என்னும் இரட்டைச் சகோதரிகள் இணைந்து பாடிய ஜப்பானிய இருகுரல் இசைக் குழு ஆகும். இவர்கள் 1959 முதல் 1975 வரை பாடினர். ஜப்பானுக்கு வெளியே பலர் இவர்களை மொத்ரா திரைப்படத்தில் தோன்றும் இரண்டு குட்டிப் பெண்களாகவே அறிவர். ஆனால் ஜப்பானிய மக்களிசை வெளிநாட்டு மெட்டுகளைத் தழுவும் நிலையிலிருந்து சொந்தப் பாடல்களுக்கு மாறிய காலத்தில், அம்மாற்றத்தைத் தம் குரலில் சுமந்தவர்கள் என்பதே இவர்களின் முதன்மைச் சிறப்பாகும்.

வாழ்க்கையும் தொடக்கமும்

சகோதரிகள் இருவரும் 1941 ஏப்ரல் 1 அன்று ஐச்சி மாகாணத்தில் பிறந்தனர். இவர்களின் இயற்பெயர்கள் ஹிதேயோ, த்சுக்கிகோ என்பனவாகும். முதற்பெயரை எழுதும் எழுத்துகளில் கதிரவனும் இரண்டாவதில் நிலவும் இடம்பெறுகின்றன. நகோயா நகரில் இட்டோ சகோதரிகள் என்ற பெயரில் பாடிவந்த இவர்களை, கலைஞர் மேலாண்மை நிறுவனம் நடத்திய ஷின் வத்தனபே டோக்கியோவுக்கு அழைத்து வந்தார். இசையமைப்பாளர் ஹிரோஷி மியாகவா இவர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஒரே ஓட்டுக்குள் இரண்டு பருப்புகள் இருக்கும் நிலக்கடலையை நினைவூட்டும் வகையில் குழுவின் பெயர் அமைந்தது.

இருகுரல் ஒத்திசை

ஒத்திசையில் இரு பாடகர்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடுவர். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் பெரும்பாலும் மூன்று அல்லது ஆறு சுர இடைவெளியில் உடன் செல்வார். 'ச' ஒலிக்கும்போது 'க' சேர்ந்து ஒலிப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பொதுவாக இரு குரல்களின் ஒலிப்பண்பு வேறுபடுவதால் கேட்பவர் அவற்றைப் பிரித்தறிய முடியும். தி பீனட்ஸ் பாடும்போது சுரம் மட்டுமே வேறுபடும். குரலின் தன்மையும் உயிரெழுத்துகளை உச்சரிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எனவே ஒரே குரல் இரண்டு சுரங்களை எழுப்புவது போன்ற உணர்வு தோன்றுகிறது. இருவரும் ஒரே சுரத்தைப் பாடும் இடங்களில், ஒரு பாடகியின் குரலை இருமுறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தது போன்ற தடிமன் கிடைக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்கள் கருவிகளின் துணையால் பெறும் இவ்விளைவு இவர்களுக்கு மேடையிலேயே இயல்பாக அமைந்தது.

தழுவல் பாடல்கள்

1959இல் கிங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் இசைத்தட்டான 'கவாயீ ஹனா' (அழகிய சிறு மலர்), ஜாஸ் கலைஞர் சிட்னி பெச்செட் இயற்றிய 'பெத்தீத் ஃப்ளர்' என்னும் இசைக்கு ஜப்பானியச் சொற்கள் இட்டு உருவானது. அதே ஆண்டில் வந்த 'ஜோனெட்சு நோ ஹனா' (வேட்கை மலர்) பாடலின் மெட்டு பேத்தோவனின் 'ஃபூர் எலீசே' என்னும் பியானோ இசையிலிருந்து பெறப்பட்டது. வெளிநாட்டு மெட்டுக்கு ஜப்பானிய வரிகள் எழுதுவது அக்காலத்தின் பொதுவழக்காக இருந்தது.

சொந்தப் பாடல்கள்

மியாகவாவும் பாடலாசிரியர் டோக்கிக்கோ இவாதானியும் இணைந்து உருவாக்கிய பாடல்கள் இவ்வழக்கிலிருந்து விலகின. இக்குரல்களை மனத்தில் கொண்டே இவை இயற்றப்பட்டன.

ஃபுரிமுக்கனாய்டே (1962): 'திரும்பிப் பார்க்காதே' என்று பொருள். மேற்கத்திய நடையில் அமைந்த சொந்தப் பாடல் வெற்றி பெற முடியும் என்பதை இது காட்டியது.

கோய் நோ பாக்கான்சு (1963): 'காதல் விடுமுறை' என்று பொருள். ஜாஸ் இசையின் ஸ்விங் தாளமும் மைனர் சுரவரிசையும் இதில் கலந்துள்ளன. விடுமுறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அவ்வாண்டில் ஜப்பானில் பரவலாக வழங்கியது. இப்பாடல் சோவியத் ஒன்றியத்தில் நீனா பந்தலேயெவா உருசிய மொழியில் பாடியதால் அங்கும் பெரும்புகழ் பெற்றது. பிறநாட்டு மெட்டுகளைத் தழுவிப் பாடத் தொடங்கிய குழுவின் பாடலைப் பிறநாட்டினர் தழுவிப் பாடியது குறிப்பிடத்தக்கது.

ஊனா செரா டி டோக்கியோ (1964): முதலில் 1963இல் 'டோக்கியோ தசோகரே' (டோக்கியோ அந்தி) என்ற பெயரில் வெளிவந்தது. இத்தாலியப் பாடகி மில்வா இதனைப் பாடிய பின்னர், இத்தாலியத் தலைப்புடன் மீண்டும் வெளியாகி வெற்றி பெற்றது.

கோய் நோ ஃபூகா (1967): ரேய் நக்கனிஷி எழுதிய வரிகளுக்குக் கோய்ச்சி சுகியாமா இசையமைத்தார், இசைக்கருவிகளின் ஒழுங்கமைப்பை மியாகவா செய்தார். டிம்பனி முழவின் அதிரடியான தொடக்கம் இதன் அடையாளமாகும். சுகியாமா பிற்காலத்தில் டிராகன் குவெஸ்ட் நிகழ்பட விளையாட்டின் இசையால் பெரிதும் அறியப்பட்டார்.

மொத்ராவின் பாட்டு

இஷிரோ ஹோண்டா இயக்கிய மொத்ரா (1961) திரைப்படத்தில் சகோதரிகள் ஒரு தீவின் குட்டிப் பெண்களாக நடித்தனர். ஒரு வணிகன் இவர்களைக் கடத்திவந்து டோக்கியோவில் மேடையேற்றுகிறான். அங்கு இவர்கள் பாடும் பாட்டு, தீவின் காவல் தெய்வமான பெரும் அந்துப்பூச்சியை அழைக்கும் வேண்டுதல் என்பதைப் பார்வையாளர்கள் உணர்வதில்லை. யூஜி கொசேக்கி இசையமைத்த இப்பாட்டின் வரிகள் இந்தோனேசிய மொழியில் அமைக்கப்பட்டன. 1964இல் வெளிவந்த இரண்டு தொடர்ச்சிப் படங்களிலும் இவர்கள் நடித்தனர்.

தொலைக்காட்சியும் வெளிநாட்டு நிகழ்ச்சிகளும்

நிப்பான் தொலைக்காட்சியின் 'ஷபொன்தமா ஹாலிடே' (சோப்புக் குமிழி விடுமுறை) நிகழ்ச்சியில் 1961 முதல் 1972 வரை இவர்கள் முதன்மைக் கலைஞர்களாக விளங்கினர். ஆண்டு இறுதியில் என்.எச்.கே. நடத்தும் கோஹக்கு பாடல் நிகழ்ச்சியில் 1959 முதல் 1974 வரை தொடர்ந்து 16 முறை பங்கேற்றனர். 1966இல் அமெரிக்காவின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பாடினர். செருமானிய மொழியிலும் இசைத்தட்டுகள் வெளியிட்டனர்.

ஓய்வும் தாக்கமும்

1975இல் இருவரும் இசையுலகிலிருந்து விலகினர். அதே ஆண்டில் எமி, பாடகர் கெஞ்சி சவாதாவை மணந்தார். 1987இல் இருவரும் மணமுறிவு பெற்றனர். எமி 2012 சூனிலும் யூமி 2016 மேயிலும் காலமாயினர்.

இவர்களின் பாடல்களைப் பின்வந்த பலர் பாடியுள்ளனர். 2004இல் 'டபிள்யூ' என்னும் இளம்பெண் இருவர் குழு 'கோய் நோ பாக்கான்சு' பாடலை மீண்டும் இசைத்தட்டாக வெளியிட்டது. தனிப்பாடகர் இப்பாடல்களைப் பாடும்போது மெட்டு கிடைக்கும். ஆனால் இரண்டாம் குரலின் வரிசை விடுபட்டுவிடும். அவ்வரிசை மெட்டுக்குச் செய்த அலங்காரமன்று, பாடலின் ஒரு பாதியாகும்.